நத்தாருக்கு முன்னம் செர்மாட்டில குசினி வேலை: மலையூரில குளிர்காலச் சீவியம் எப்பிடி?

ஆனையிறவான் · நவம்பர் 23

வணக்கம் உறவுகளே. நான் இருக்கிறது ஆராவ் பக்கம். ஆறு வருசமாய் ஒரு உணவகத்தில கசரோலியே வேலை, அதுதான் சட்டி பானை கழுவுற வேலை, செய்தனான். ஒக்டோபரோட அந்தக் கடையை மூடிப்போட்டினம். இப்ப செர்மாட்டில ஒரு ஓட்டலில டிசம்பர் 9இல இருந்து ஈஸ்டர் முடியுமட்டும் குசினிக்கு ஆள் கேட்கினம். சம்பளம் பரவாயில்லை, அறையும் தருகினம். மனிசியும் ரெண்டு பிள்ளையளும் இங்கைதான் நிற்பினம்.

சுவிசுக்கு வந்து 11 வருசம். ஒருநாளும் மலையில தங்கினதில்லை. ஒருக்கா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் சினோ (பனி) காட்டிப்போட்டு அண்டைக்கே திரும்பினதுதான். அந்த ஊர்களில குளிர்காலம் வேலை செய்த ஆக்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கோ. என்ன கொண்டு போறது? குளிர் தாங்குமோ? முக்கியமாய் நத்தார் வரைக்குமான அந்த ரெண்டு கிழமை எப்பிடிப் போகும்? அந்த நேரம் வீட்டில இல்லாமல் போறதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாய்க் கிடக்கு. கடைசியாள் இப்பதான் முதலாம் வகுப்பு.

சேகண்டி · நவம்பர் 23

தம்பி, நான் செர்மாட்டில 19ஆவது குளிர்காலம். யோசிக்காமல் வாரும். ஆனா விசயம் தெரிஞ்சுகொண்டு வாரும்.

முதலாவது, அங்கை கார் இல்லை. பெற்றோல், டீசல் வாகனம் ஊருக்குள்ள வர ஏலாது. கார்ச் சனமெல்லாம் 5 கிலோமீற்றர் கீழ டேஷ் எண்ட ஊரில நிப்பாட்டிப்போட்டு சின்ன ரயிலில 12 நிமிசம் வரவேணும். நீர் ஆராவில இருந்து ரயிலில வாறதெண்டால் விஸ்பில மாறவேணும், அங்கையிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல. ஏத்தமான இடங்களில ரயில் பற்சக்கரத்தில பிடிச்சுத்தான் ஏறும், அந்தச் சத்தம் காலுக்குக் கீழ கேட்கும். ஊருக்குள்ள ஓடுறதெல்லாம் பெட்டி மாதிரிச் சின்ன மின்சார வண்டியள். பின்னால வந்து நிண்டாலும் சத்தம் கேளாது. முதல் கிழமை காதில ஒண்டும் போடாமல் நடவும், திரும்பித் திரும்பிப் பாரும்.

குளிர் பற்றிக் கேட்டீர். ஊர் 1600 மீற்றர் உயரத்தில கிடக்கு. விடிய மைனஸ் 10 எண்டிறது சாதாரணம். ஆனா காய்ஞ்ச குளிர். சூரிச்சில மைனஸ் 1இல எலும்புக்குள்ள ஏறுற ஈரக் குளிர் மாதிரி இல்லை. உம்மட பிரச்சினை குளிரை விட அந்தக் காய்ஞ்ச காத்து. மூக்கில இரத்தம் வரும், கை வெடிக்கும். நீர் கசரோல் கழுவுற ஆள், விரல் மடிப்பில கீறல் கீறலாய் வெடிக்கும். இரவில களிம்பு பூசி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படும்.

சப்பாத்துக்குக் காசு பாராதையும். மூக்குக் கூரான நகரச் சப்பாத்தைக் கொண்டு வராதையும். ரோட்டில உப்பை விடச் சின்னக் கல்லுத்தான் தூவுவினம், பகல் உருகினது பின்னேரம் கண்ணாடி மாதிரி இறுகும். சப்பாத்துக்கு மேல மாட்டுற முள்ளு றப்பர் ஒரு சோடி வாங்கும். 2009இல என்ர கூட்டாளி ஒருத்தர் வேலை துவங்கி மூண்டாம் நாள் குப்பை கொண்டுபோய்ப் போட்ட இடத்தில விழுந்து மணிக்கட்டை முறிச்சவர். அந்த சீசன் அவருக்கு அதோட முடிஞ்சுது.

ஏரிக்கரை · நவம்பர் 24

சேகண்டி அண்ணை சொல்றதெல்லாம் உண்மை. ஆனா மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். நான் 90களில பெர்னர் ஒபர்லாண்டில நாலு குளிர்காலம் நிண்டனான். அப்ப நாங்கள் எல்லாரும் தனி ஆக்கள், அகதிக் கேஸ் முடியாத ஆக்கள். குசினியும் அறையும்தான் உலகம். நத்தாரில இருந்து புதுவருசம் வரை 14 மணித்தியாலம் நிண்டிருக்கிறன். ஒரு முதலாளி கூடுதலாய்ச் செய்த மணித்தியாலம் ஒண்டுக்கும் காசு தரேல்லை. கேட்டதுக்கு "எழுத்தில எங்கை" எண்டு கேட்டார். என்னட்டை எழுத்து இல்லை. இப்பவும் அதை நினைச்சால் வயிறு எரியும்.

தம்பி, குடும்பக்காரன் நீர். யோசிச்சு முடிவெடும்.

சேகண்டி · நவம்பர் 24

ஏரிக்கரை, உங்களுக்கு நடந்தது அநியாயம். எனக்கும் முதல் வருசம் அப்பிடி ஒண்டு நடந்தது. அதுக்குப் பிறகு நான் செய்யிற ஒரே வேலை, சின்னக் கொப்பி ஒண்டில ஒவ்வொரு நாளும் துவங்கின நேரம், முடிஞ்ச நேரம் எழுதுறது. இது வெறும் மன ஆறுதலுக்கு இல்லை. உணவகத் தொழிலுக்கெண்டு நாடு முழுக்க இருக்கிற கூட்டு ஒப்பந்தத்தில, முதலாளி நேரக் கணக்கு வைக்காவிட்டால் வேலையாள் எழுதின கணக்கைச் சாட்சியாய் எடுக்கலாம் எண்டு தெளிவாய்க் கிடக்கு. கிழமைக்கு 42 மணித்தியாலம், சீசன் ஓட்டலெண்டால் 43.5. கிழமைக்கு ரெண்டு நாள் ஓய்வு. 13ஆம் மாதச் சம்பளம் உரிமை, சோதனைக் காலம் முடிஞ்ச பிறகு இடையில விட்டாலும் வேலை செய்த அளவுக்குப் பங்கு வரும். தம்பி, கையெழுத்து வைக்க முன்னம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு வெட்டுறாங்கள் எண்டு பாரும். அறையில எத்தினை பேர், யன்னல் இருக்கோ எண்டும் கேளும். வீட்டுப் பஞ்சம் அங்கை சரியான மோசம். வேலையாக்கள் கன பேர் கீழ டேஷிலயும் சங்ட் நிக்ளவுசிலயும் இருந்து ரயிலில ஏறி வருகினம்.

மல்லிகைப்பந்தல் · நவம்பர் 25

நான் செர்மாட்டில 7 வருசம் அறை துப்புரவாக்கிற வேலை செய்தனான், இவரும் பிள்ளையும் என்னோடதான். இப்ப லுசேர்னில இருக்கிறம். ஆம்பிளையள் எல்லாரும் மணித்தியாலக் கணக்குக் கதைக்கிறியள், நான் அந்த ரெண்டு கிழமையைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் அவர் கேட்டது அதைத்தான்.

நவம்பரில அந்த ஊரைப் பார்த்தால் பாவமாய் இருக்கும். பாதிக் கடைக்கு மேல பூட்டு. ஓட்டல் யன்னலெல்லாம் பலகை அடிச்சு மூடின மாதிரி இருட்டு. டிசம்பர் துவங்கினவுடன ஒவ்வொரு கட்டடமாய் லைற் எரியத் துவங்கும். நாங்கள் போய்க் கதவு திறந்தால் உள்ளுக்குள்ள வெளியை விடக் குளிர். மெத்தையெல்லாம் சுவரோட சாய்ச்சு நிற்கும். மூண்டு நாள் தண்ணியைத் திறந்து விட்டு குழாயில இருந்து செம்மஞ்சள் நிறம் போகுமட்டும் ஓடவிடவேணும். 64 அறைக்கு இறகுப் போர்வை உறை போட்டு முடிக்க எங்கட தோள்மூட்டு கழண்டுபோகும். மூலையைப் பிடிச்சு உறையை உள்பக்கம் வெளியாய்த் திருப்பி ஒரு உதறு உதறினால் தானாய் இறங்கும். அதை எனக்குப் பழக்கினது ஒரு போர்த்துக்கல் அக்கா.

விருந்தாளி இல்லாத அந்த நாளுகளில ஊர் ஊராய் இருக்கும். கடைக்காரன் நிண்டு கதைப்பான். டிசம்பர் 6 சமிக்லவுஸ், அதுதான் புனித நிக்கலஸ், வருவார். சிவப்பு அங்கியோட அவரும், கறுப்பு அங்கியில முகத்தில கரி பூசின அவற்ர உதவியாள் ஷ்முட்ஸ்லியும். பிள்ளையள் ஒரு பாட்டோ கவியோ சொல்லவேணும், சொன்னால் சாக்கில இருந்து நிலக்கடலை, மண்டரின் தோடம்பழம், சொக்லேற் கிடைக்கும். என்ர மகள் முதல் வருசம் பயத்தில டொச் கவி முழுக்க மறந்துபோய், "ஆனை ஆனை அழகர் ஆனை" சொன்னவள். சமிக்லவுஸ் தாடியைப் பிடிச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு மற்றப் பிள்ளையளுக்குக் குடுத்ததை விட ஒரு பிடி கூடக் குடுத்தார். 8ஆம் திகதி மாதா திருநாள், செர்மாட் இருக்கிற வலே மாநிலத்தில அண்டைக்கு லீவு, உங்கட ஆராவ் ஊரில அண்டைக்கு வேலை நாள் எண்டு நினைக்கிறன்.

இன்னொண்டு. செர்மாட் கத்தோலிக்க ஊர். நத்தாருக்கு முந்தின கிழமைகளில விடிய முன்னம், மெழுகுதிரி வெளிச்சத்தில மட்டும் ஒரு பூசை நடக்கும், ரொராட்டே எண்டு சொல்லுவினம். நான் சைவம். ஆனா ஒருநாள் வேலைக்குப் போற வழியில பார்த்தன், சனம் ஒருவருக்கொருவர் கதைக்காமல் இருட்டுக்குள்ள சினோவில சப்பாத்துச் சத்தத்தோட போய்க்கொண்டிருந்தது. எனக்கு எங்கட ஊர் திருவெம்பாவை ஞாபகம் வந்திட்டுது. மார்கழி விடிய நாலு மணிக்கு சங்கும் சேமக்கலமும் கேட்கும், அம்மா எழுப்பித் தலைமுழுக வைப்பா. நானும் உள்ளுக்க போய்க் கடைசி வாங்கில இருந்தன். ஒருத்தரும் ஆரெண்டு கேட்கேல்லை. ஒரு கிழவி தன்ர மெழுகுதிரியைச் சரிச்சு என்ர திரியைப் பத்தவைச்சா.

ஆனையிறவான் · நவம்பர் 25

அக்கா, வாசிச்சுப்போட்டு மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். அவ "போங்கோ" எண்டுறா. சேகண்டி அண்ணை, சாப்பாட்டுக்கு என்ன செய்யிறனீங்கள்? ஓட்டல் சாப்பாட்டில நாலு மாதம் என்னால ஏலாது.

சேகண்டி · நவம்பர் 25

பருப்பில ஏமாறாதையும். அந்த உயரத்தில தண்ணி 95 பாகையிலயே கொதிச்சிடும். கொதிக்குது கொதிக்குது எண்டு பார்த்துக்கொண்டிருப்பீர், கடலை அப்பிடியே கல்லாய்க் கிடக்கும். பிரஷர் குக்கர் ஒண்டு கொண்டு வாரும். சோற்றுக்கும் வழமையை விடத் தண்ணி கொஞ்சம் கூட, நேரமும் கொஞ்சம் கூட. மிளகாய்த்தூள், சரக்குத்தூள், கருவாடு எல்லாம் கீழ இருந்தே கொண்டு வரவேணும், மேல எங்கட கடை இல்லை. கூப், மிக்ரோ ரெண்டும் இருக்கு, அரிசி பருப்புக்குப் பயமில்லை. கருவாட்டை அறையில பொரிச்சால் மாடி முழுக்கச் சண்டை வரும், அதுமட்டும் வேண்டாம். தேங்காயெண்ணெய் கல்லாய்ப் போகும், ஹீற்றருக்கு மேல வையும்.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ரெண்டரைக்கு விட்டால் திரும்ப ஐந்துக்குத்தான் வேலை. சிம்மர்ஸ்டுண்ட எண்டு பேர். புது ஆக்கள் அதில படுத்து நித்திரை கொண்டிடுவினம். அப்பிடிச் செய்தால் டிசம்பர் முழுக்க உம்மட கண்ணில வெயில் படாது. மலை மறைக்கிறதால பின்னேரம் வெள்ளனவே நிழல் விழுந்திடும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிய நடவும், ஆற்றங்கரையால ஒரு அரை மணித்தியாலம் போதும். விடியவும் அப்பிடித்தான். எட்டு மணிபோல குப்பை கொண்டுபோற சாட்டில பின்கதவால வெளிய போம். ஊர் இன்னும் நீலமாய் இருட்டுக்குள்ள கிடக்க, மாட்டர்ஹோர்ன் மலை நுனி மட்டும் 4478 மீற்றரில செம்பு நிறத்தில பத்தும். பிறகு அந்த நிறம் மெல்ல மெல்லக் கீழ இறங்கும். 19 வருசமாய்ப் பார்க்கிறன், இன்னும் பார்த்து முடியேல்லை.

ஏரிக்கரை · நவம்பர் 26

நான் இருந்த இடத்தில பிரச்சினை வேற. கிரிண்டல்வால்ட் பக்கம் ஊர் 1000 மீற்றரில. டிசம்பர் 20 வரைக்கும் நல்ல சினோ, 22ஆம் திகதி மேற்கில இருந்து சூடான ஈரக் காத்து வந்து எல்லாத்தையும் மழையால கரைச்சுப்போடும். நத்தார் உருகல் எண்டு டொச்சில அதுக்குப் பேரே இருக்கு, அவ்வளவு வழமை. விருந்தாளி அறையை நிப்பாட்டினால் முதலில வேலை போறது கடைசியாய் வந்தவனுக்குத்தான். தம்பி, சினோ இல்லாவிட்டால் உம்மட ஒப்பந்தம் என்ன ஆகும் எண்டு கேட்டீரோ?

வடலி · நவம்பர் 26

வணக்கம். நான் இங்கே பிறந்து வளர்ந்தவன், தமிழ் எழுத்து கொஞ்சம் பிழைத்தால் மன்னியுங்கள். மூன்று சீசனாக வலேயில் பிஸ்ட், அதாவது ஸ்கீ ஓடும் சரிவுப் பாதை, தயாரிக்கும் குழுவில் வேலை செய்கிறேன்.

செர்மாட்டுக்கு அந்தப் பயம் குறைவு. மேலே தெயோடூல் பனியாற்றில் கோடையிலும் ஸ்கீ ஓடுகிறார்கள், கேபிள் கார் 3883 மீற்றர் வரை போகிறது. தாழ்ந்த ஊர்களுக்குத்தான் ஏரிக்கரை மாமா சொல்வது பொருந்தும். இப்போது சுவிஸில் பிஸ்ட் பரப்பில் பாதிக்கு மேல் செயற்கைப் பனி போடும் வசதி இருக்கிறது. நவம்பர் இரவுகளில் நாங்கள் வெப்பமானியை மட்டும் பார்ப்பதில்லை, ஈரப்பதத்தையும் பார்ப்போம். காற்று காய்ந்திருந்தால் பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழேயே பனி பிடிக்கும். ஈரமாக இருந்தால் இன்னும் நன்றாகக் குளிர வேண்டும். தண்ணீரைத் தூவலாக அடிப்போம், அது நிலத்தில் விழுவதற்குள் உறைய வேண்டும். உறைந்ததா என்று பார்க்க ஜாக்கெட் கையை நீட்டிப் பிடிப்போம். துணியில் பட்டுத் துள்ளினால் சரி, ஒட்டினால் ஈரம் அதிகம்.

ஒரு விசயம் தயவுசெய்து கேளுங்கள். மாலை பிஸ்ட் மூடியபின் அதில் நடக்கவோ சறுக்கவோ வேண்டாம். செங்குத்தான இடத்தில் எங்கள் இயந்திரத்தை மேலே இருந்து கம்பி இழுத்துப் பிடிக்கும். அந்தக் கம்பி ஒரு கிலோமீற்றர் வரை நீளும், பனிக்குள் புதைந்து கிடக்கும், இறுகும்போது ஆள் உயரத்துக்குத் துள்ளி எழும். இரவு வேலை முடித்த குசினிக்காரர்கள் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையோடு வருவதை இரண்டு முறை கண்டிருக்கிறேன். விளக்கு அடித்து நிறுத்தினேன். வீட்டுக்குப் போய் நடுங்கினேன்.

ஆனையிறவான் · நவம்பர் 26

தம்பி, நன்றி. நான் போகமாட்டன். பனிச்சரிவு பற்றியும் சொல்லுமன். மனிசி அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறா.

வடலி · நவம்பர் 27

ஊருக்குள் இருக்கும் உங்களுக்கு வீட்டுக் கூரையில் இருந்து விழும் பனிதான் அன்றாட ஆபத்து. சுவர் ஓரமாக நடக்க வேண்டாம். மலைக்கு, டாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடும். 1 முதல் 5 வரை படி. 3 என்றால் நடுத்தரம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மூன்றிலேயே நிறையப் பேர் இறக்கிறார்கள். நான்கு, ஐந்து என்றால் வீதியையும் ரயிலையும் முன்கூட்டியே மூடுவார்கள். 2018 ஜனவரியில் அப்படித்தான் செர்மாட்டில் 13,000 விருந்தாளிகள் வெளியே வர முடியாமல் இருந்தார்கள், ஹெலிகொப்டரில் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள்.

சேகண்டி · நவம்பர் 27

அந்த நாள் நான் உள்ளுக்குள்ளதான் நிண்டனான். வெளியால இருந்து எல்லாரும் போன் எடுத்துச் செத்தவீடு மாதிரி விசாரிக்கினம். குசினியில எங்களுக்குப் பிரச்சினை வெண்ணெயும் இலைக்கறியும்தான். பாண் மா இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது. ரெண்டு நாள் ரோஸ்டியும் (துருவிப் பொரிச்ச உருளைக்கிழங்கு) சூப்பும் குடுத்தம். சனம் குறை சொல்லேல்லை, வழமையை விட அமைதியாய்ச் சாப்பிட்டுப்போட்டு நன்றி சொல்லிச்சுது. தம்பி, மனிசிக்குச் சொல்லும்: மூடுறதெண்டால் காவல் நடக்குது எண்டு அர்த்தம்.

மல்லிகைப்பந்தல் · நவம்பர் 28

ஆனையிறவான், பிள்ளையளைப் பற்றி ஒரு யோசனை. நத்தார் 24, 25 உங்களுக்கு லீவு கிடைக்காது, அதைக் கனவு காணாதேங்கோ. ஆனா 20ஆம் திகதிக்கு முன்னம் கட்டாயம் ரெண்டு நாள் ஓய்வு வரும். அப்ப அவையளை மேல கூப்பிடுங்கோ. பழைய ஊர்ப்பக்கம் கூட்டிப் போங்கோ. கறுத்துப்போன மரக் களஞ்சியங்கள் நிற்கும், ஒவ்வொரு காலுக்கு மேலயும் வட்டக் கல்லு ஒண்டு வைச்சிருக்கும். எலி ஏறாமல் இருக்கத்தான் அது. என்ர மகள் "அம்மா, வீடு தொப்பி போட்ட காலில நிற்குது" எண்டவள். காசு ஒண்டும் செலவில்லை, சறுக்குப் பலகை ஒண்டு போதும்.

ஆனையிறவான் · டிசம்பர் 1

கையெழுத்து வைச்சிட்டன். அறையில ரெண்டு பேர், யன்னல் இருக்கு. குக்கர் வாங்கினாச்சு. கொப்பியும் வாங்கினாச்சு, ஏரிக்கரை அண்ணை.

ஏரிக்கரை · டிசம்பர் 1

கொப்பி வாங்கினது எனக்குச் சந்தோசம். பென்சிலால எழுதாதையும், பேனையால எழுதும். அறைக்கு வந்து எவ்வளவு களைப்பெண்டாலும் அண்டைக்கே எழுதும். போய்ச் சேர்ந்ததும் இங்கை ஒரு வரி போடும்.

ஆனையிறவான் · டிசம்பர் 21

ஒரு வரி போட இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சுது, மன்னிக்க வேணும்.

வந்த முதல் நாளே அறையில என்னோட இருக்கிறவர் போர்த்துக்கல்காரர் எண்டு தெரிஞ்சுது, 50 வயதுக்கு மேல. எனக்குப் போர்த்துக்கீசு தெரியாது, அவருக்கு டொச் என்னை விடக் குறைவு. ரெண்டாம் நாள் நான் மனிசியோட போனில கதைச்சுக்கொண்டிருக்க, என்ர வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வைச்ச உடன கேட்டார், "குசினி? குசினி எண்டு சொன்னனீர்?" ஓம் எண்டன். அவர் மேசையைத் தட்டி "மேசா" எண்டார். நான் மேசை எண்டன். யன்னலைக் காட்டி "ஜனேலா" எண்டார். யன்னல். சப்பாத்தைத் தூக்கி "சப்பாத்து" எண்டார். அதே சொல்லு! அலுமாரி, துவாய், பாண், வாங்கு எண்டு இரவு பதினொண்டரை மட்டும் அறையில இருந்த சாமான் எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தம். எங்கட நாட்டுக்கு உங்கட ஆக்கள் கப்பலில வந்து நூறு வருசத்துக்கு மேல நிண்டவை எண்டு கையால விளங்கப்படுத்தினன். கோட்டை கட்டினதையும் கோயில் இடிச்சதையும் அண்டைக்குச் சொல்லேல்லை. பிறகு ஒருநாள் சொல்லுவன்.

போன புதனும் வியாழனும் ஓய்வு. மனிசியும் பிள்ளையளும் வந்து போனவை. மல்லிகை அக்கா, அந்தத் தொப்பிக் கால் வீடுகளைக் காட்டினன். கடைசியாள் எல்லாத்தையும் எண்ணினவன். விடிய எட்டுக்கு மலை நுனி பத்தினதைக் காட்ட நித்திரையில இருந்து தூக்கிக்கொண்டு போனன், போர்வைக்குள்ள இருந்தபடி பார்த்திட்டுத் திரும்ப நித்திரை. ரயில் ஏறேக்க அவன் அழேல்லை. எனக்குத்தான் தொண்டை அடைச்சுது.

நேத்து சனிக்கிழமை, ஆள் மாறுற நாள். 64 இல்லை அக்கா, இங்கை 80 அறை, ஒரே நாளில நிரம்பிச்சுது. நத்தார் இரவுக்கு ஃபோண்டூ ஷினுவாஸ், மேசையில கொதிக்கிற சூப்பில இறைச்சியைத் தோய்ச்சு அவிச்சுச் சாப்பிடுறது. அதுக்கு இறைச்சியைக் கல்லாய் உறைய வைச்சு, மெசினில கடதாசி மாதிரிச் சீவி, ஒவ்வொரு சீவலாய்ச் சுருட்டித் தட்டில அடுக்கவேணும். உறைஞ்ச இறைச்சி விரல் நுனியைக் கடிக்குது. நாங்கள் ரெண்டு பேரும் எதிரெதிரில நிண்டு நாலு மணித்தியாலம் சுருட்டினம். இடையில அவர் கேட்டார், நட்டாலுக்கு உங்கட பாசையில என்ன சொல்லுவியள் எண்டு. நத்தார் எண்டன். கையில இறைச்சியோட அப்பிடியே நிண்டிட்டார். "நட்டால், நத்தார்" எண்டு ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் இது வீட்டை விட்டு நிற்கிற எத்தினையாவது நத்தாரோ, நான் கேட்கேல்லை.

சேகண்டி அண்ணை, உங்கட ஓட்டல் எங்கட பின்கதவில இருந்து பத்து நிமிசம்தானாம். நாளைக்கு சிம்மர்ஸ்டுண்டவில ஆற்றங்கரைப் பாலத்தடியில நிற்பன், அவரையும் கூட்டி வாறன். பருப்பு அவிச்சு வைச்சிருக்கிறன்.

சேகண்டி · டிசம்பர் 21

மூண்டு மணிக்கு வாறன். அப்பளம் என்னட்டை இருக்கு.